சரக்கு ஒரு வழி, சலான் ஒரு வழி

(திருப்பூரில் சிறு, நடுத்தர ஆடை உற்பத்தியாளர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘உற்பத்தி நிறுவனங்களில் சரக்குப் போக்குவரத்து, தகவல், புதிய தொழில்நுட்பம்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று நாள் கருத்தரங்கு நடத்த வேண்டிய தலைப்பு. எனக்குக் கொடுத்திருப்பது முக்கால் மணி நேரம். ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பொருள் போகிற இடமெல்லாம் அதைப் பற்றிய தகவலும் கூடவே போகிறதா? இதற்கு ‘ஆமாம்’ என்று சொல்ல முடியாத நிறுவனத்தில் எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கி மாட்டினாலும் பணம்தான் கரையும். இதுதான் என் கட்சி.

நம்மூரில் ஒரு டி-சர்ட் போகிற பாதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாக ஒருமுறை சொல்லிப் பார்த்தால்தான் அதன் நீளம் உறைக்கும். மில்லிலிருந்து நூல் வருகிறது, நிட்டிங்குக்குப் போகிறது. கிரே துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங். பிறகு கட்டிங் டேபிள். நெஞ்சில் படம் வேண்டுமென்றால் வெட்டிய பீஸ்கள் பிரிண்டிங்குக்குப் போய்த் திரும்ப வேண்டும்; பூவேலை இருந்தால் எம்ப்ராய்டரிக்கு இன்னொரு நடை. அதற்கப்புறம் தையல், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங். இத்தனையும் முடிந்து கன்டெய்னர் ஏறினால் தூத்துக்குடி. பல சரக்குகள் அங்கிருந்து கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாற வேண்டும்.

வேறு நாடுகளில் ஒரே கூரைக்குள் கன்வேயரில் நகர்கிற வேலை இங்கே ஊர் ரோட்டில் டாடா ஏஸில் நகர்கிறது. இதைப் பின்தங்கிய முறை என்று சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. ‘எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் கொண்டுவாருங்கள்’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜாப் ஒர்க் முறையால்தான் நான்கு பவர் டேபிள் வாங்க முடிந்தவர் முதலாளியாக முடிந்தது. சீசன் இறங்கும்போது மொத்தச் சுமையும் ஒரே தலையில் விழாமல் இருக்கிறது. ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு கேட்டைத் தாண்டும்போதும் பொருள் கைமாறுகிறது. தகவல் பல சமயம் கேட்டிலேயே நின்றுவிடுகிறது.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். நேவி ப்ளூவுக்காக 500 கிலோ கிரே துணி சாயத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிட்டிங்காரர் சலான் போடுகிறார்: 500 கிலோ, 22 ரோல். சாயப்பட்டறையில் ரோலை எண்ணி இறக்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள், எடை போடுவதில்லை. தராசு உள்ளே இருக்கிறது, வண்டிக்காரருக்கு அவசரம். மிஷின் கொள்ளளவுக்குத் தகுந்தபடி துணி இரண்டு பேட்ச் ஆகிறது. முதல் பேட்ச் ஷேடு சரியாக வந்துவிட்டது. இரண்டாவது கொஞ்சம் கம்மி, மறுபடி சாயம் ஏற்ற வேண்டும். அவசர ஆர்டர் என்பதால் முதல் பேட்ச் கம்பெனிக்கு வராமலே நேராகக் காம்பாக்டிங்குக்குப் போகிறது. அந்தச் சலானில் ‘நேவி, 11 ரோல்’ என்று மட்டும் இருக்கிறது. இரண்டாவது பேட்ச் மூன்று நாள் கழித்து வருகிறது. கடைசியில் கட்டிங் மாஸ்டர் கைக்கு வந்தது 452 கிலோ.

மீதி 48 கிலோ எங்கே? சாயத்தில் சில சதவீதம் எடை குறைவது இயல்புதான். மற்றது? பட்டறை மூலையில் ஒரு ரோல் கிடக்கிறதா, அடுத்தவர் லாட்டோடு சேர்ந்து போய்விட்டதா, நிட்டிங்கிலிருந்து வரும்போதே குறைவாக வந்ததா? நான்கு சலான் புத்தகங்கள் இருக்கின்றன. நான்கிலும் நான்கு பதில் இருக்கிறது. அந்த நான்கும் சனிக்கிழமை சம்பளக் கணக்கு முடிந்த பிறகுதான் அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு வரும். அதற்குள் துணி வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, சைஸ் குறைகிறது என்று கூச்சல் கிளம்பியிருக்கும்.

இந்த இடைவெளியை நாம் போனை வைத்து நிரப்புகிறோம். மெர்ச்சண்டைசர் கேட்கிறார்: “அண்ணா, நம்ம நேவி லாட் என்னாச்சுங்க?” பதில் வருகிறது: “இப்பத்தான் மிஷின்ல ஏறுச்சுங்க. நாளைக்குக் காத்தால எடுத்துக்கலாம்.” சிரிக்கிறீர்கள். மிஷின் பக்கமே போகாத துணிக்கும் இதே பதில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிவதால் மெர்ச்சண்டைசர் என்ன செய்கிறார்? 20ஆம் தேதி வேண்டிய துணியை 17ஆம் தேதி வேண்டும் என்கிறார். அவர் மூன்று நாள் முன்தள்ளிச் சொல்கிறார் என்று பட்டறைக்காரருக்கும் தெரியும். அதனால் உண்மையிலேயே 17ஆம் தேதி வேண்டிய துணியையும் 20க்குத் தள்ளுகிறார். நூல் வாங்குகிறவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து சதவீதம் கூட்டி வாங்குகிறார். கட்டிங்கில் எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பீஸ் கூட. யாரும் ஏமாற்றவில்லை. அவரவர் நியாயப்படி பார்த்தால் எல்லோரும் சரிதான்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியர் இதைத்தான் 1958லேயே கணக்காகப் போட்டுக் காட்டினார். கடையில் விற்பனை லேசாக அசைந்தால், மொத்த வியாபாரியிடம் அது பெரிதாகி, ஆலைக்குப் போய்ச் சேரும்போது பேயாட்டமாக ஆகிவிடும். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தகவலை வைத்து, கொஞ்சம் பயத்தையும் சேர்த்து ஆர்டர் போடுவதுதான் காரணம். நம்மூர்க் காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும் ஏற்றுமதி மிச்சத்தில் ஒரு பங்கு இந்தப் பயத்தின் விலை என்பேன்.

இதைச் சரிசெய்தவர்களில் பெயர் பெற்றவர்கள் டொயோட்டாக்காரர்கள். கார் கம்பெனி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களுடைய வேர் நம் தொழிலில்தான் இருக்கிறது. நிறுவனரின் தந்தை சகிச்சி டொயோடா தறி செய்தவர். 1924இல் அவர் முடித்த ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி, பாவு நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். இன்று உங்கள் நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மிஷின் நிற்கிறதே, அதே யோசனை. தவறு நடந்த இடத்திலேயே, நடந்த நொடியிலேயே மிஷின் தகவலைச் சொல்லிவிடுகிறது. மேற்பார்வையாளர் வந்து கண்டுபிடிக்கும்வரை ஓட்டைத் துணி ஓடிக்கொண்டிருப்பதில்லை. டொயோட்டா உற்பத்தி முறையை வடித்த தாய்ச்சி ஓனோவும் 1932இல் அந்தக் குடும்பத்தின் நூற்பு-நெசவு ஆலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். 1943இல்தான் கார் பக்கம் போனார்.

அவர் கொண்டுவந்த கான்பன் முறையில் கம்ப்யூட்டர் கிடையாது. உதிரிப்பாகப் பெட்டியோடு ஓர் அட்டை இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து வேலை செய்கிறவர் அட்டையைக் கழற்றி முந்தைய கட்டத்துக்கு அனுப்புவார். அட்டை வந்தால்தான் அங்கே அடுத்த பெட்டி தயாராகும்; வராவிட்டால் சும்மா நிற்க வேண்டியதுதான். பெட்டி நகராமல் அட்டை நகராது, அட்டை இல்லாமல் பெட்டி நகராது. ஸ்டாக் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அட்டையை எண்ணினால் போதும். 1950களில் அட்டையும் ஒழுங்கும் மட்டும் வைத்துக்கொண்டு இதை ஆரம்பித்தார்கள்.

நீங்கள் டீக்கடையில் ஸ்கேன் செய்கிற க்யூஆர் கோடு இந்த அட்டையின் வாரிசு. டொயோட்டாவுக்கு உதிரிப்பாகம் செய்யும் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரின் குழு 1994இல் அதை வெளியிட்டது. அதற்குமுன் இருந்த பார்கோடில் சுமார் 20 எழுத்துதான் அடங்கும்; ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் சலித்துப்போனார்கள். அந்தச் சலிப்பைப் போக்கத்தான் க்யூஆர் வந்தது. மூலையில் மூன்று சதுரங்கள் இருப்பது எந்தப் பக்கமிருந்து காட்டினாலும் கருவி அடையாளம் காண்பதற்காக. அந்தச் சதுரத்தின் கறுப்பு-வெள்ளை விகிதம் வேறெந்த அச்சிலும் எளிதில் வராததாக இருக்க வேண்டும் என்று பத்திரிகை, துண்டறிக்கை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் ஆராய்ந்து 1:1:3:1:1 என்று முடிவு செய்தார்கள். எண்ணெயும் அழுக்கும் படுகிற தொழிற்சாலை என்பதால், அதிகபட்சம் முப்பது சதவீதம் வரை சிதைந்தாலும் படிக்க முடிகிற ஏற்பாட்டையும் வைத்தார்கள். காப்புரிமை இருந்தும் யாரிடமும் கட்டணம் கேட்கவில்லை. தொழிலாளியின் கைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்து உருவாக்கிய தொழில்நுட்பம் இப்படி இருக்கும்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்து மூன்று பெரிய மென்பொருள்களை ஒன்றாகப் பூட்டி, 1999 கோடையில் ஓட்ட ஆரம்பித்தது. அவர்களுடைய தீபாவளி மாதிரியான ஹாலோவீன் பண்டிகைக்கு முன்னால். சாக்லேட் தயாராக இருந்தது. ஆனால் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை; சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் நின்றுபோயின. சரக்கு இருக்கிறது என்று மனிதர்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. சீசன் தலைக்குமேல் இருக்கும்போது பழைய முறையை ஒரே நாளில் தூக்கிப்போட்டுப் புதியதுக்கு மாறுகிற துணிச்சல் யாருக்கும் வேண்டாம்.

நம்மூரில் மென்பொருள் வாங்குகிற கதையையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். விற்பவர் பெரிய திரையில் வண்ண வண்ணமாகக் காட்டுகிறார். முதலாளி பெங்களூரு விமான நிலையத்தில் உட்கார்ந்தபடி செல்போனில் ஸ்டாக் பார்க்கலாம் என்கிறார். பார்க்கலாம்தான். ஆனால் அந்த எண்ணை உள்ளே போட்டவர் யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு? பல கம்பெனிகளில் பதில் ஒன்றுதான்: அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒரு பெண், சலான் கட்டைப் பார்த்து, வார இறுதியில். முன்பு நோட்டில் இருந்த தப்பு இப்போது திரையில் இருக்கிறது. திரையில் இருப்பதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

துணி எங்கே தராசில் ஏறுகிறதோ அங்கே, ஏற்றுகிறவர் கையாலேயே பதிவு நடக்க வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை, தட்டச்சு வேண்டியதில்லை. தராசை நேரே இணைத்து, ஸ்கேன் செய்தால் எடை தானாக ஏறுகிற ஏற்பாடு இன்று பெரிய செலவில்லை. இந்தி பேசுகிற, ஒடியா பேசுகிற தொழிலாளிகள் பாதிக்குப் பாதி இருக்கும் தளத்தில் திரையில் எழுத்தைவிடப் படமும் நிறமும் பயன்படும். இன்னொரு நடைமுறைச் சிக்கல்: சாயத்தில் போகிற துணியில் ஸ்டிக்கர் நிற்காது. அந்தக் கட்டத்துக்கு மட்டும் ரோல் முனையில் அழியாத மார்க்கரில் லாட் எண் எழுதுகிற பழைய வழக்கம்தான் கைகொடுக்கும். எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் அந்த எண்ணைப் பார்த்துப் புது ஸ்டிக்கர் ஒட்டினால் தொடர்பு அறாது.

2018இல் இ-வே பில் வந்தபோது நாம் எல்லோரும் திட்டினோம். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதியையும் திட்டினோம். சின்ன முதலாளிக்கு அது தலைவலிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி எண், சரக்கு, மதிப்பு, எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் சரக்கு கிளம்பும்போதே பதிவாகிற பழக்கத்தை அரசு வரிக்காக நம்மிடம் ஏற்படுத்திவிட்டது. அதே தகவலை நம் உற்பத்திக்குப் பயன்படுத்திக்கொள்கிறவர் எத்தனை பேர்? வரி ஆலோசகரின் கம்ப்யூட்டரில் அது தூங்குகிறது.

இனி வெளியிலிருந்து வரும் நெருக்கடி. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், நம் நாட்டின் வெல்ஸ்பன் இந்தியாவோடு இருந்த வியாபாரத்தை முறித்துக்கொண்டது. எகிப்தியப் பருத்தி என்று விற்ற சுமார் ஏழரை லட்சம் படுக்கை விரிப்புகளிலும் தலையணை உறைகளிலும் வேறு பருத்தி இருந்தது என்பது குற்றச்சாட்டு. தரத்தில் குறை என்று அவர்கள் சொல்லவில்லை. உறையில் எழுதியிருந்த தகவலும் உள்ளே இருந்த நூலும் எங்கோ ஓரிடத்தில் பிரிந்துவிட்டன. வெல்ஸ்பனின் பங்கு விலை சில நாட்களில் சரிந்தது. அதன்பிறகு அந்த நிறுவனமே பஞ்சிலிருந்து விரிப்பு வரை பின்தொடரும் ஏற்பாட்டை உருவாக்கிக்கொண்டது.

அது ஒரு பையரின் கோபம். இப்போது சட்டமே கேட்கிறது. 2022 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள அமெரிக்கச் சட்டத்தின்படி, சீனாவின் சின்ஜியாங் பருத்தி கலந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் சரக்கைச் சுங்கத்தில் நிறுத்திவைப்பார்கள். கலக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு இறக்குமதி செய்கிறவருடையது. அவர் யாரிடம் காகிதம் கேட்பார்? நம்மிடம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் என்ற ஒன்றைச் சொல்கிறது. முன்னுரிமைப் பட்டியலில் துணிமணி இருக்கிறது. ஸ்கேன் செய்தால் இந்தச் சட்டை எந்த நாரால் ஆனது, எங்கே உருவானது என்று தெரிய வேண்டும் என்கிறார்கள். ஏற்றுமதி முடிந்தபின் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிற சான்றிதழ் இதற்கு உதவாது. எந்த நூல் லாட் எந்தச் சாய லாட்டில் போனது என்பதை அன்றைக்கே பதிவு செய்தவரால்தான் இதைக் கொடுக்க முடியும். முன்பு சொன்ன 48 கிலோவுக்குப் பதில் தெரியாதவர் பாஸ்போர்ட் கொடுக்க முடியாது.

இவ்வளவு சொன்ன நானே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் 1ஆம் தேதி டொயோட்டா ஜப்பானில் இருந்த 14 ஆலைகளையும் நிறுத்தியது. ஒரு நாளில் சுமார் 13,000 கார்கள் போச்சு. காரணம், கோஜிமா என்ற உதிரிப்பாக நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் புகுந்த வைரஸ் தாக்குதல். காருக்குள் கப் வைக்கிற பிளாஸ்டிக் பாகம் மாதிரியானவற்றைச் செய்கிற நிறுவனம். பாகம் இல்லாமல் போகவில்லை. பாகத்தைப் பற்றிய செய்தி போகிற வழி அடைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் அதே 14 ஆலைகள் நின்றன. இம்முறை எந்தத் திருடனும் இல்லை. உதிரிப்பாக ஆர்டர்களைக் கையாளும் சர்வரில் பராமரிப்பு வேலை நடந்தபோது டிஸ்க்கில் இடம் போதவில்லை. மாற்றுக்கு வைத்திருந்த சர்வரும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் படுத்துவிட்டது. உலகமே பாடம் படிக்கிற நிறுவனத்தின் கதி இது. ஆகவே ஸ்கேனர் வந்த பிறகும் சலான் புத்தகத்தை எரித்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் நின்ற நாளில் காகிதத்தில் எப்படி ஓட்டுவது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள்.

அதே டொயோட்டாவின் பழைய கதை ஒன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1997 பிப்ரவரி 1 அதிகாலை ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் வரும் ஒரு சின்ன வால்வு கிட்டத்தட்ட முழுக்க அங்கேதான் தயாரானது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். கார் உற்பத்தி நின்றது. மாதக்கணக்காகும் என்றார்கள். ஐசின் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. அறுபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் பட்டறைகளில் அந்த வால்வைச் செய்ய இறங்கின. அவற்றில் ஒன்று, உங்கள் தையல் தளத்தில் பெயர் பார்த்திருப்பீர்களே, அந்த பிரதர். காருக்கு இதுபோன்ற பாகம் செய்து பழக்கமில்லாத கம்பெனி. ஒரு வாரத்துக்குள் ஆலைகள் ஓட ஆரம்பித்தன. விலை, காப்புரிமை எல்லாம் பிறகு பேசிக்கொண்டார்கள்.

நமக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நாம் செய்ததற்கு அது தேவையான உத்தரவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதங்களில் துணியை வெளிமாநிலங்களுக்கு ஏற்றி அனுப்பிச் சாயம் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தோம். எந்த ஊரில் எவ்வளவு மிஷின் காலியாக இருக்கிறது என்று தெரியாமல் ஆளாளுக்குப் போன் போட்டு அலைந்தோம். போட்டியாளரிடம் சொல்லக் கூடாத தகவல் எது, சொல்லாவிட்டால் எல்லோரும் மூழ்குகிற தகவல் எது என்று நாம் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. காலி மிஷின் நேரம், கன்டெய்னரில் மிச்சமிருக்கும் இடம், செங்கடலில் சிக்கல் வரும்போது ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போகும் கப்பல்கள் எத்தனை நாள் தாமதமாகின்றன என்பவையெல்லாம் இரண்டாவது வகை. இவற்றைத் தினமும் ஒரு பொதுப் பலகையில் போட நம் சங்கங்களால் முடியும். மென்பொருள் இளைஞர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு இது ஒரு மாத வேலை.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கே ஒரு லாட்டைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. நிட்டிங்கிலிருந்து கட்டிங் டேபிள் வரை ஒவ்வொரு கேட்டிலும் உங்கள் ஆள் ஒருவர் நின்று எடை போட்டு, மணியோடு எழுதி வரட்டும். முடிந்ததும் அதை உங்கள் கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எத்தனை கிலோ, எத்தனை நாள், அதற்கு என்ன பணம் என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். மென்பொருள் விற்பவர் அடுத்த முறை வரும்போது அவருடைய திரையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தாளை அவர் முன் வைத்து, இதில் எந்த வரியைக் குறைப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.